பொதுக் காம்பொனென்ட் லைப்ரரியைக் கிட் வழியாக நடத்துவது எப்படி?

பெங்களூரின் அவுட்டர் ரிங் ரோட்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களில், ஒரே வாடிக்கையாளருக்காக இரண்டு மூன்று குழுக்கள் தனித்தனிச் செயலிகளை எழுதுவது வழக்கம். ஒரு குழு கடைக்காரருக்கான செயலியை எழுதும். இன்னொன்று கிடங்குக்கானதை எழுதும். மூன்றாவது குழு அலுவலகத்தில் இருப்பவர்கள் பார்க்கும் இணையத் திரைகளைக் கவனிக்கும். பட்டன், உள்ளீட்டுப் பெட்டி, தேதித் தேர்வு, அட்டவணை ஆகிய திரைக் கூறுகள் (காம்பொனென்ட்கள்) மூன்றிலும் வேண்டியிருப்பதால், அவற்றை ஒரே இடத்தில் ஒரு பொது லைப்ரரியாக எழுதி எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை தானாகவே எழும். யோசனை புதியதன்று. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மென்பொருள் பொறியியல் மாநாட்டிலேயே, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய், மற்றத் தொழில்களைப் போல மென்பொருளும் பெருமளவில் உற்பத்தியாகும் தயார்நிலைக் கூறுகளைக் கொண்டு கட்டப்பட வேண்டும் என்று வாதிட்டார்.

லைப்ரரியைத் தொடங்குவது எளிது. சில மாதங்கள் கழித்து வரும் கேள்விதான் கடினம்: பொதுப் பட்டனில் ஒருவர் செய்யும் மாற்றம், அதைப் பயன்படுத்தும் மற்றக் குழுக்களுக்கு எப்போது, எந்த வடிவில், யாருடைய ஒப்புதலோடு போய்ச் சேரும்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத நிறுவனத்தில், ஒவ்வொரு குழுவும் லைப்ரரியின் ஒரு நகலைத் தன் கோப்புறைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, அதைத் தன் விருப்பப்படி திருத்தத் தொடங்கிவிடும். பிறகு லைப்ரரி என்ற பெயர் மட்டும் எஞ்சும். அந்தப் பதிலை எழுதி வைக்கும் இடம் பதிப்புக் கட்டுப்பாடு, அதாவது நிரலில் யார், எப்போது, ஏன், என்ன மாற்றினார் என்பதைப் பதிவு செய்யும் முறை; அதற்கான கருவியே கிட். பத்துப் பேர் முதல் ஐம்பது பேர் வரையுள்ள நிறுவனத்தை மனத்தில் வைத்தே இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் ரியாக்ட் (திரைகளை எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி), என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை வெளியிடவும் நிறுவவும் உதவும் கருவி) ஆகியவற்றைச் சார்ந்தவை என்றாலும், ஃபிளட்டரிலோ கோட்லினிலோ எழுதுபவர்களுக்கும் முறை ஒன்றே.

எதைச் சேர்ப்பது, எங்கே வைப்பது

ஒரு காம்பொனென்டை முதல் முறை தேவைப்பட்ட உடனே லைப்ரரிக்குள் சேர்க்கக் கூடாது. இரண்டு குழுக்கள் தனித்தனியே எழுதி, மூன்றாவது குழுவும் அதையே கேட்கும்போது சேர்ப்பதே நல்லது. அதற்குள் அதன் உண்மையான வேறுபாடுகள் எவை, ஒருவருடைய தனி விருப்பம் எது என்பது தெரிந்துவிடும். வணிக விதிகளை எந்நிலையிலும் உள்ளே விடக் கூடாது. 2025 செப்டம்பர் 22 அன்று நாடு முழுவதும் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. அன்று வரிக் கணக்கைத் தொகைப் பெட்டிக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் ஒரு லைப்ரரியைக் கற்பனை செய்து பாருங்கள்: ஒரு சட்ட மாற்றத்துக்காக எல்லாச் செயலிகளும் தம் திரைக் காம்பொனென்ட்களைப் புதுப்பித்து, மறுபடி சோதித்து, மறுபடி வெளியிட வேண்டியிருந்திருக்கும். தொகைப் பெட்டி எண்ணைப் பெற வேண்டும், காட்ட வேண்டும், தவறென்றால் சிவப்பாக வேண்டும். விகிதம் அதன் வேலையன்று.

லைப்ரரிக்குத் தனி ரெப்போ (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம்) வேண்டுமா, எல்லாம் ஒரே ரெப்போவில் இருக்கலாமா என்ற விவாதத்தில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. எல்லாக் குழுக்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வெளியிடுகின்றன என்றால் ஒரே ரெப்போவே மேல். காம்பொனென்டை மாற்றுபவர், அதைப் பயன்படுத்தும் திரைகளையும் அதே கமிட்டில் (ஒன்றாகப் பதிவாகும் மாற்றத் தொகுப்பில்) திருத்திவிடலாம். என்பிஎம் 7 முதல் இதற்கான வொர்க்ஸ்பேஸ் வசதி உள்ளேயே இருக்கிறது. ஒரு குழு தினமும் வெளியிடுகிறது, இன்னொரு குழு ஆப் ஸ்டோர் ஒப்புதலுக்காகக் காத்திருந்து மாதம் ஒருமுறை வெளியிடுகிறது என்றால், தனி ரெப்போவும் பதிப்பு எண்களும் தவிர்க்க முடியாதவை. கீழே வருபவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாவது நிலைமைக்கானது.

கமிட் எழுதும் முறை

லைனக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதால், 2005 ஏப்ரலில் லினஸ் டார்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். முன்பின் பார்த்திராத மனிதர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து அனுப்பும் மாற்றங்களைப் படித்து, ஏற்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கான கருவி அது. ஆகையால் ஒவ்வொரு மாற்றமும் தன்னந்தனியாகப் படித்தால் புரியும் அளவுக்குச் சிறியதாகவும், தன் காரணத்தைத் தானே சொல்வதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் இயல்பிலேயே இருக்கிறது. பொது லைப்ரரிக்கும் இதே நிலைமைதான், ஏனெனில் உங்கள் கமிட்டைப் படிக்கப் போகிறவர் ஒயிட்ஃபீல்டு அலுவலகத்தில் இருப்பவராகவோ, இரண்டு ஆண்டுகள் கழித்து வேலைக்குச் சேர்பவராகவோ இருக்கக்கூடும்.

‘பட்டன் திருத்தம்’ என்ற கமிட் செய்தி யாருக்கும் பயன்படாது. எந்தக் கோப்பு மாறியது என்பதைக் கிட் ஏற்கெனவே காட்டிவிடுகிறது. ‘கன்னட எழுத்துகளின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டதால், பட்டனின் நிலையான உயரத்தைக் குறைந்தபட்ச உயரமாக மாற்றியுள்ளேன்’ என்பது பயன்படும். அடுத்த ஆண்டு யாராவது வடிவமைப்பை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அந்த உயரத்தை மறுபடி நிலையாக்கப் போகும்போது, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கிட் பிளேம் கட்டளை இந்த வரியைக் கொண்டுவந்து அவர் கண்முன் நிறுத்தும்.

சிறிய கமிட்டுகளின் முழுப் பயனும் கிட் பைசெக்ட் கட்டளையில் தெரியும். எந்தக் கமிட்டில் பிழை நுழைந்தது என்று அது பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவதால், ஆயிரம் கமிட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஒன்றையும் ஏறத்தாழப் பத்துச் சோதனைகளில் பிடித்துவிடலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மெயின் கிளையில் (எல்லோரும் எடுத்துக்கொள்ளும் முதன்மை வரிசையில்) உள்ள ஒவ்வொரு கமிட்டும் தனியே பில்ட் ஆக (இயங்கும் வடிவுக்கு மாற) வேண்டும். பாதியில் நிற்கும் கமிட்டுகளைப் புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தை ஏற்கும்படி அனுப்பும் கோரிக்கையில்) வைத்திருக்கலாம். மெர்ஜ் செய்யும் (மெயின் கிளையோடு இணைக்கும்) முன் அவற்றை ஒன்றாகச் சுருக்கிவிட வேண்டும். வரியமைப்பை மட்டும் திருத்தும் கமிட்டை வேறெதனுடனும் கலக்கக் கூடாது. அதன் அடையாள எண்ணைப் பிளேம் தவிர்க்க வேண்டிய பட்டியலில் எழுதிவிட்டால், மூவாயிரம் வரிகளுக்கும் ஃபார்மேட்டரை ஓட்டியவரே ஆசிரியராகக் காட்டப்படும் வேடிக்கை நேராது.

கிளைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெயின் கிளையைப் பூட்டி வையுங்கள்; குறுகிய கிளைகளைத் திறந்து ஓரிரு நாளில் மூடுங்கள்; எல்லோரும் எடுத்துவிட்ட கிளையில் வரலாற்றை அழிக்காமல் கிட் ரிவெர்ட் (பழைய மாற்றத்தைப் புதிய கமிட்டால் திருப்பும் கட்டளை) கொண்டு பின்வாங்குங்கள். கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ தவறிப் போய்க் கமிட்டாகிப் புஷ் ஆகிவிட்டால் (சர்வருக்குப் போய்விட்டால்), அடுத்த கமிட்டில் அதை அழிப்பதால் பயனில்லை. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் அந்தச் சாவியைச் செல்லாததாக்கிவிட்டுப் பிறகு வரலாற்றைப் பற்றி யோசிக்கலாம்.

தமிழ்ச் சொற்கள் ரெப்போவுக்குள் வரும்போது

பெங்களூரில் எழுதப்படும் செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தோடு கன்னடம், தமிழ், இந்தி எனப் பல மொழிகளில் வெளியாகின்றன. இங்கே வரும் சிக்கல்களைப் பொதுவான கிட் வழிகாட்டிகள் தொடுவதே இல்லை என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலாவது, கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால், கிட் ஸ்டேட்டஸ் அதை எண்களும் சாய்கோடுகளுமாகக் காட்டும். கோப்புக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, கோர்.கோட்பாத் (core.quotePath) என்னும் அமைப்பை ஃபால்ஸ் (false) என்று மாற்றினால் பெயர் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. ஒ, ஓ, ஔ ஆகியவற்றின் உயிர்மெய்க் குறிகளை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், இரண்டு பகுதிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் ‘கொடு’ என்று ஒரே மாதிரி தெரியும் சொல், இருவேறு விசைப்பலகைகளிலிருந்து வந்தால் கிட்டுக்கு இருவேறு சொற்களாகிவிடும். டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) பார்ப்பவர், ஒன்றுமே மாறாத வரி ஏன் மாறியதாகக் காட்டப்படுகிறது என்று குழம்புவார். மொழிபெயர்ப்புக் கோப்புகளைக் கமிட்டுக்கு முன்பே யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இங்கே ஒற்றைக் குறி வடிவத்துக்கு) மாற்றும் ஒரு சிறு ஸ்கிரிப்டை, கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ப்ரீ-கமிட் ஹுக்கில் வைத்தால் இது தீரும். ‘பௌர்ணமி’ என்பதை எகர உயிர்மெய்யும் ளகரமுமாகத் தட்டச்சு செய்து ‘பெளர்ணமி’ என்று எழுதிவிடும் வழக்கத்தை மட்டும் எந்த ஸ்கிரிப்டும் தானாகச் சரிசெய்யாது, ஏனெனில் அங்கே இருப்பது வேறு எழுத்து. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்தாக வேண்டும். கோட்ஓனர்ஸ் கோப்பில் ஒவ்வொரு மொழிக் கோப்புறைக்கும் அம்மொழி அறிந்தவர் ஒருவரின் பெயரைக் குறிப்பிட்டு, அவர் ஒப்புதலின்றி மெர்ஜ் ஆகாதபடி அமைக்கலாம். ஆங்கிலம் மட்டுமே படிப்பவர் கன்னடக் கோப்புக்கு ஒப்புதல் தரும் காட்சி எத்தனையோ குழுக்களில் அன்றாடம் நடக்கிறது. அது ரிவ்யூ ஆகாது.

மூன்றாவது, எழுத்துகளை எண்ணும் உள்ளீட்டுப் பெட்டி. ‘கோயம்புத்தூர்’ என்ற பெயரில் படிப்பவர் காண்பது 7 எழுத்துகள். எழுத்தையும் அதன் குறியையும் தனித்தனியே எண்ணுவதால், ஜாவாஸ்கிரிப்டின் லெங்க்த் அதை 13 என்று சொல்லும். யூடிஎஃப்-8 வடிவில் சேமித்தால் அது 39 பைட் இடம் பிடிக்கும். ஊர்ப் பெயருக்கு 12 என்று வரம்பு வைத்த பெட்டி, ஏழெழுத்துப் பெயரை ஏற்காது. ஜாவாஸ்கிரிப்டின் இன்டில்.செக்மென்ட்டர் (Intl.Segmenter) வசதி கொண்டு எழுத்துகளை மனிதர் எண்ணுவதைப் போல எண்ணும்படி காம்பொனென்டைத் திருத்தலாம். அத்திருத்தத்துக்கு எந்தப் பதிப்பு எண்ணைத் தருவது என்பதிலிருந்து அடுத்த பகுதி தொடங்குகிறது.

பதிப்பு எண் தரும் வாக்கு

பெரும்பாலான லைப்ரரிகள் பின்பற்றும் செமான்டிக் வெர்ஷனிங் முறையில் எண்ணுக்கு மூன்று பகுதிகள் உண்டு. 2.4.1 என்றால், கடைசி எண் பிழைத் திருத்தத்தையும், நடு எண் பழையதைக் கெடுக்காத புது வசதியையும், முதல் எண் பயன்படுத்துபவர் தம் நிரலை மாற்றியாக வேண்டிய மாற்றத்தையும் குறிக்கும். விதி மூன்று வரிதான். ‘கெடுக்காத’ என்பதன் எல்லை எது என்பதில்தான் குழுக்கள் சண்டையிட்டுக்கொள்கின்றன.

மேலே சொன்ன எழுத்து எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். எழுதியவர் பார்வையில் அது பிழைத் திருத்தம், 2.4.2 என்று வெளியிட்டுவிடத் தோன்றும். ஆனால் பெட்டி முன்பு நிறுத்திய நீளமான பெயரை இப்போது உள்ளே விடுகிறது. கிடங்குக் குழுவின் டேட்டாபேஸ் அந்தப் புலத்தைப் பழைய கணக்கின்படி 12 குறியீடுகளுக்கே அமைத்திருந்தால், சேமிக்கும்போது அது தோற்றுப்போகும். எனவே அது 3.0.0. மாற்றம் எவ்வளவு நல்லது என்பது எண்ணைத் தீர்மானிப்பதில்லை. பயன்படுத்துபவர் எதை நம்பிக் கட்டியிருந்தார் என்பதே தீர்மானிக்கிறது.

திரைக் காம்பொனென்ட்களில் இந்த நம்பிக்கை பல இடங்களில் ஒளிந்திருக்கும். ப்ராப்பின் (காம்பொனென்டுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பின்) பெயரை மாற்றினால் அது முதல் எண்ணுக்குரியது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ப்ராப்பின் இயல்பு மதிப்பை மாற்றுவதும் அப்படிப்பட்டதே, பெயர் மாறாவிட்டாலும். காம்பொனென்டின் உள்ளே ஒரு டிவ் (div) பெட்டி கூடுதலாகச் சேர்ந்தால், அதன் உள்ளமைப்பை நம்பி எழுதப்பட்ட தானியங்கிச் சோதனைகள் உடையும். ஆகவே எந்த உள்ளமைப்பு வெளியாட்கள் நம்பத்தக்கது, எது நம்பக் கூடாதது என்பதை ரீட்மீ கோப்பில் முன்பே சொல்லிவிட வேண்டும். ரியாக்டின் குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்துவதும் முதல் எண்ணுக்குரியதே. பட்டனின் குறைந்தபட்ச உயரத்தை நிலையான உயரமாக்குவது ஆங்கிலத் திரையில் எந்த வித்தியாசத்தையும் காட்டாது. கன்னடத்தில் கூட்டெழுத்தின் இரண்டாம் மெய், முதல் எழுத்தின் அடியில் தொங்கும். தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’ குறுகிய திரையில் இரண்டு வரியாக மடியும். இரண்டும் வெட்டுப்படும். தோற்ற மாற்றத்தை எப்போதும் கடைசி எண்ணில் அடக்கிவிடலாம் என்று நம்பும் குழு, இந்த ஊரில் நெடுநாள் நிம்மதியாக இருக்க முடியாது.

இதைக் கண்டறிய, காம்பொனென்ட்களைத் தனித்தனியே திரையில் காட்டும் ஸ்டோரிபுக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு காம்பொனென்டுக்கும் வைக்கும் ஸ்டோரிகளில் (எடுத்துக்காட்டுத் தோற்றங்களில்) நீளமான தமிழ்ச் சொல் ஒன்றும், கன்னடக் கூட்டெழுத்துள்ள சொல் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் அவற்றின் படத்தை முந்தைய படத்தோடு கருவி ஒப்பிடட்டும். இந்த ஒரு ஏற்பாடு, நான் பரிந்துரைக்கும் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பிழைகளைத் தடுக்கும் என்பது என் கருத்து.

என்பிஎம்மில் ^ குறியோடு 2.4.1 என்று எழுதினால் 3க்குக் கீழ்ப்பட்ட எந்தப் புதிய பதிப்பும் உள்ளே வரலாம். எண் 0 என்று தொடங்கினால் கதை வேறு: ^0.2.3 என்பது 0.3ஐ ஏற்காது. சில குழுக்கள் பொறுப்பேற்கத் தயங்கி, நான்கு செயலிகள் பயன்படுத்தும் லைப்ரரியை ஆண்டுக்கணக்கில் 0.47, 0.48 என்று நகர்த்திக்கொண்டிருக்கும். இரண்டாவது செயலி அதை எடுத்துக்கொண்ட நாளில் 1.0.0 வெளியிட்டுவிடுவதே நேர்மை.

முதல் எண்ணை உயர்த்த வேண்டியிருந்தால், பழைய ப்ராப்பை உடனே நீக்க வேண்டாம். ஒரு பதிப்புக் காலம் முழுவதும் இரண்டையும் வைத்திருந்து, பழையதைப் பயன்படுத்துபவருக்குக் கன்சோலில் எச்சரிக்கை காட்டி, அடுத்த முதல் எண்ணில் நீக்கலாம். சேஞ்ச்லாக் (மாற்றப் பட்டியல்) குறிப்பை மாற்றம் செய்தவரே, அதே புல் ரிக்வெஸ்டில் எழுத வேண்டும். வெளியிடும் நாளன்று வேறொருவர் கமிட்டுகளைப் புரட்டிப் பார்த்து எழுதும் குறிப்பில், என்ன மாறியது என்று இருக்கும். பயன்படுத்துபவர் என்ன செய்ய வேண்டும் என்பது இருக்காது.

பயன்படுத்தும் குழுவின் பங்கு

நிறுவிய பேக்கேஜ்களின் துல்லியமான பதிப்புகளைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பைக் கமிட் செய்யுங்கள். சிஐ சர்வரில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகப் பில்ட் செய்து சோதிக்கும் சர்வரில்) என்பிஎம் இன்ஸ்டால் கட்டளைக்குப் பதிலாக என்பிஎம் சிஐ கட்டளையை ஓட்டுங்கள். அது லாக் கோப்பில் உள்ள பதிப்புகளை மட்டுமே எடுக்கும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். டிபெண்டாபாட் அல்லது ரெனவேட் என்னும் தானியங்கிக் கருவி கொண்டு வாரம் ஒருமுறை புதுப்பிப்புகளைப் பெறுவது, ஆண்டு முடிவில் முதல் எண் ஐந்து முறை உயர்ந்ததை ஒரே மூச்சில் தாண்டுவதைவிட மிக எளிது.

வெளியிலிருந்து எடுக்கும் லைப்ரரிகளில் கூடுதல் கவனம் தேவை. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்னும் 11 வரிப் பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து நீக்கியதும், அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த பாபெல் உள்ளிட்ட பல திட்டங்களின் பில்ட் உலகெங்கும் நின்றது. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜின் பராமரிப்பை ஏற்றுக்கொண்ட முன்பின் அறியாத ஒருவர், பிட்காயின் பைகளைக் குறிவைத்த நிரலை அதன் வழியே நுழைத்தார். பத்துப் பதினைந்து வரிகளில் நாமே எழுதிவிடக்கூடியதற்குப் பேக்கேஜ் தேடாதிருப்பதும், வெளிப் பேக்கேஜ்களை வெர்டாச்சியோ போன்ற உள் ரெஜிஸ்ட்ரி (பேக்கேஜ்களின் சேமிப்பிடம்) வழியே எடுத்துப் படி வைத்திருப்பதும் இதற்கு ஓரளவு தற்காப்பு.

முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்பதும் முறையின் ஒரு பகுதி. பெங்களூர்க் குழுக்களில் தமிழ் பேசுபவர்கள் நான்கு பேர் இருந்தால், தேநீர்க் கடையில் நின்றுகொண்டே ஒரு ப்ராப்பின் பெயரைத் தமிழில் பேசி முடித்துவிடுவோம். மேசைக்குத் திரும்பியதும் கன்னட, தெலுங்கு நண்பர்கள் அது எப்போது முடிவானது என்று கேட்பார்கள். பேசுவதில் தவறில்லை. பேசியதை, எல்லோரும் படிக்கும் மொழியில், காரணத்தோடு புல் ரிக்வெஸ்டில் எழுதினால்தான் அது முடிவாகும். லைப்ரரிக்குப் பொறுப்பாக இருவரை நியமித்து, சில மாதங்களுக்கொருமுறை ஒருவரை மாற்றுங்கள்; மாற்றம் அனுப்பும் உரிமை எல்லாக் குழுக்களுக்கும் இருக்கட்டும்; வந்த புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு வேலைநாளுக்குள் முதல் பதில் தருவதைப் பொறுப்பாளர்களின் கடமையாக்குங்கள். பதில் தாமதமாகும் லைப்ரரியிலிருந்துதான் நகல்கள் பிறக்கின்றன.

தவறான பதிப்பு வெளியாகிவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் உடைந்த பதிப்பு வெளியே போய்விடும். அப்போது 2.5.0 என்ற அதே எண்ணில் வேறு நிரலை ஏற்றப் பார்க்காதீர்கள்; என்பிஎம் அதை ஏற்காது, வேறு ரெஜிஸ்ட்ரி ஏற்றாலும் ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள் உண்டாகிவிடும். மெயின் கிளையில் கிட் ரிவெர்ட் செய்து 2.5.1 வெளியிடுங்கள், 2.5.0ஐ என்பிஎம் டெப்ரிகேட் கட்டளையால் குறித்து, நிறுவுபவர் கண்ணில் படும்படி காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

மெயின் கிளை 3க்கு நகர்ந்த பிறகு 2இல் பிழை தெரியவந்தால், கடைசி 2 வரிசை டேகிலிருந்து (பதிப்பைக் குறிக்கும் அடையாளத்திலிருந்து) ஒரு கிளையைத் திறந்து, திருத்தத்தை மட்டும் செர்ரி-பிக் செய்து (அந்தக் கமிட்டை மட்டும் அங்கே படியெடுத்து), புது டேக் இட்டு வெளியிட வேண்டும். இவ்வாறு வெளியிடும்போது டிஸ்ட்-டேகை (எந்தப் பதிப்பு இயல்பாக நிறுவப்படும் என்று காட்டும் பெயரை) மறந்துவிடக் கூடாது. வெறுமனே பப்ளிஷ் செய்தால் அந்தப் பழைய வரிசைப் பதிப்பை லேட்டஸ்ட் என்று அறிவிக்க நேரலாம்; மறுநாள் காலையில் புதிதாக நிறுவும் குழுவுக்கு 3க்குப் பதிலாக 2 வந்து சேரும்.